பதினேழாம் எண் வரைபடம்

பழவேற்காட்டு முகத்துவாரத்தில் படகுத்துறை கட்டப்போவதாகச் சொல்லிக்கொண்டு ஒரு திட்ட அலுவலகம் வந்து இறங்கியது எழுபத்தொன்பதில். கடைத்தெருவுக்குப் பின்னால், மரைக்காயர் குடும்பம் ஒன்றிடம் வாடகைக்குப் பிடித்த பெரிய வீடு அது. உள்ளூரில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண் யாராவது கிடைப்பாளா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். கோட்டைக்குப்பத்து மருமகள் பச்சையம்மாவின் பேரை யாரோ சொன்னார்கள்.

பச்சையம்மா பொன்னேரியில் வளர்ந்தவள். அவள் அப்பா அங்கே தாலுகா ஆபீசில் டவாலிச் சேவகராக இருந்தார். பத்தாவது முடித்து, டைப் கற்று, வரைபடத்தை ட்ரேசிங் தாளில் நகல் எடுக்கவும் கற்று வைத்திருந்தாள். கல்யாணம் என்று வந்தபோது சொந்தத்தில் வடிவேலுக்குக் கொடுத்தார்கள். ஏரியில் இறால் பிடிக்கிறவன். படித்த பெண்ணைக் கட்டியதில் அவனுக்குக் கூச்சமும் இல்லை, பந்தாவும் இல்லை. வேலைக்குப் போகட்டுமா என்று அவள் கேட்டபோது, "போயேன். வூட்ல உக்காந்து இன்னா பண்ணப்போற" என்றான். மாமியார் முத்தம்மாளும் மறுத்துப் பேசவில்லை. மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்றவள் அவள். பெண் வெளியே போவது அவளுக்குப் புதிதல்ல.

வரைபட அறை அந்த வீட்டின் உள்ளறை. ஒரே ஒரு ஜன்னல். பெரிய மேஜை, அமோனியா வாடை அடிக்கும் பிரிண்ட் பெட்டி, இரண்டு இரும்பு பீரோ. உதவிப் பொறியாளர் வேதாசலம் முதல் நாளே அவளை உட்கார வைத்துச் சொன்னார்.

"இதோ பாரும்மா. இந்த வரைபடம் எல்லாருக்கும் பொதுதான். மண் பிரிவு, கல் பிரிவு, கட்டட பிரிவு எல்லாம் ஒரே தாளை வெச்சுத்தான் வேலை செய்யுது. அதனாலதான் கறாரா இருக்கணும். யாரு எதைப் பார்க்கலாம், யாரு எதுல கை வைக்கலாம், யாரு வெளிய எடுத்துட்டுப் போலாம், மூணும் வேற வேற. அது குழம்புச்சுன்னா ஒருத்தன் பழைய தாளைப் பார்த்துத் தோண்டுவான், இன்னொருத்தன் புதுத் தாளைப் பார்த்து சுவர் எழுப்புவான். ரெண்டும் சேராது."

அவளுக்கு அது உடனே பிடிபட்டது. மூலத் தாள் அந்த அறையை விட்டு வெளியே போகவே கூடாது. பிரிண்ட் மட்டும்தான் போகும். எந்தத் தாள் எந்தப் பிரிவுக்கு என்று வேதாசலம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவார். அந்தப் பிரிவுக்கு மட்டும் தருவாள். ஒரு தாள் திருத்தப்பட்டால், வெளியே இருக்கிற பழைய பிரிண்டுகளையெல்லாம் திரும்ப வாங்கி, குறுக்கே சிவப்பு மையில் 'ரத்து' என்று எழுதி, பிறகுதான் புதியதைக் கொடுப்பாள். பழையது வராமல் புதியது கிடையாது. ஒருமுறை கல் கொட்டும் குத்தகைக்காரரின் மேஸ்திரி வந்து, மண் பிரிவின் தாளை ஒரு நிமிஷம் காட்டச் சொல்லிக் கெஞ்சினார். "உங்களுக்கு எழுதல" என்றாள். சிரித்துப் பேசிப் பார்த்தார், கோபித்துப் பார்த்தார். அவள் டைப் அடித்துக்கொண்டே இருந்தாள். அன்று சாயங்காலம் வேதாசலம், "இந்த ஆபீஸ்லயே ஒழுங்கா இருக்கிற இடம் உன் பீரோதாம்மா" என்றார்.

ஒன்று மட்டும் அவளுக்கு நடந்தது. அவளே அதை அப்போது கவனிக்கவில்லை. பொன்னேரியில் ட்ரேசிங் கற்றபோது ஒவ்வொரு கோட்டையும் இது சுவர், இது வாய்க்கால் என்று பார்த்துப் பார்த்து இழுத்தவள். இங்கே வந்து இரண்டு வருஷத்தில் தாளின் மூலையில் இருக்கும் எண்ணையும், திருத்த எண்ணையும், அனுமதிக் கையெழுத்தையும் மட்டும் பார்க்கிறவளாகிவிட்டாள். நடுவில் இருப்பது வெறும் கோடு. அதைப் படிக்க வேறு ஆட்கள் இருந்தார்கள்.

மண்ணின் பிடிப்பைச் சோதிக்க முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் உள்ளே, ஏரிப் பக்கமாக, இரும்புக் குழாய்களை அடித்தார்கள். அத்தனை மாதமும் அந்தப் பக்கம் படகு போகக்கூடாது என்று கொடி நட்டிருந்தார்கள். கோட்டைக்குப்பத்துப் படகுகள் சுற்றிக்கொண்டு போயின. பிறகு மேலிடத்தில், படகுத்துறைக்கு இடம் அதுவல்ல, இன்னும் வடக்கே என்று முடிவாயிற்று. குழாய்களை அடித்த குத்தகைக்காரரே அவற்றைப் பிடுங்கினார். சிலது வந்தன, சிலது வரவில்லை. வராததைத் தண்ணீருக்கு அடியில் அறுத்துவிட்டு நின்று வேலை செய்த மிதவைப் பாலத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டதாக அவர் எழுதிக் கொடுத்தார். அலுவலக சர்வேயர் அளந்து பார்த்து, எங்கெங்கே மிச்சம் நிற்கிறது என்று ஒரு தாளில் புள்ளி வைத்தார். அதுதான் பதினேழாம் எண். குத்தகைக்காரரோடு தகராறு முற்றியது. விவகாரம் முடியும்வரை பதினேழை வேதாசலமும் சர்வேயரும் பொன்னேரியில் இருக்கும் பெரிய பொறியாளரும் தவிர யாரும் பார்க்கக்கூடாது என்று உத்தரவானது. படகுகளை எச்சரிக்க அந்த இடத்தில் மிதவை கட்ட வேண்டும் என்றும் கோப்பில் எழுதியிருந்தார்கள். மிதவை வரவில்லை. பச்சையம்மா பதினேழாம் எண்ணைச் சுருட்டி, நாடா கட்டி, இரண்டாவது பீரோவின் மேல்தட்டில் வைத்தாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஆறுகள் கொண்டுவந்த செம்மண் தண்ணீரில் ஏரி கலங்கியது. ஒரு கை ஆழத்துக்குக் கீழே எதுவும் தெரியாது. ஏரித் தண்ணீர் கடலுக்கு வடிந்து ஓடும்போது இறாலும் கூடவே ஓடும். வலை கட்டுகிறவர்களுக்கு அதுதான் காலம். கொடியையும் எடுத்துவிட்டார்கள். கோட்டைக்குப்பத்துப் பஞ்சாயத்துத் தலைவர் ஆதிகேசவன் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார்.

"சார், எத்த எடுத்தீங்க, எத்த விட்டீங்க, அத்த மட்டும் சொல்லுங்க. நாங்க ஒதுங்கிப் போய்க்கிறோம்."

"எல்லாத்தையும் எடுத்தாச்சுன்னுதான் குத்தகைக்காரர் எழுதிக் குடுத்திருக்காரு" என்றார் வேதாசலம். அவர் பொய் சொல்லவில்லை. அதற்கு மேல் சொல்ல அவருக்கு வாய் கட்டியிருந்தது. "இருந்தாலும் மனு ஒண்ணு எழுதிக் குடுங்க. நான் பொன்னேரிக்கு அனுப்பி, வரைபடத்தை உங்களுக்குக் காட்ட உத்தரவு கேக்குறேன்."

மனுவைப் பச்சையம்மாதான் டைப் அடித்தாள். ஆதிகேசவன் கையெழுத்துப் போட்டார். அது பொன்னேரிக்குப் போனது. பதில் வரவில்லை.

வடிவேலு வீட்டில் ஒருமுறை கேட்டான். சாப்பிட்டுவிட்டுக் கை துடைத்துக்கொண்டிருந்தான்.

"அந்தப் படம் உன் பீரோலதான் கீதாமே?"

"ஆமா."

"பாக்கலாமா?"

"உத்தரவு வரணும். வெளிய காட்டக்கூடாது."

அவன் துண்டைத் தோளில் போட்டான். "சரி. எங்க பாடு மாதிரிதான். அன்னிக்கு எவனுக்கு முறையோ அவன்தான் எறங்கணும். மத்தவன் எறங்கினா ஊர் கேக்கும்" என்றான்.

ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் எந்தக் குடும்பம் வலை கட்டலாம் என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு வைத்திருக்கும் முறைக்குப் பாடு என்று பேர். வடிவேலு அதில் பிறந்து வளர்ந்தவன். அனுமதி என்றால் அவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அவன் மறுபடி கேட்கவில்லை. கரையில் மற்றவர்கள், "உன் பொண்டாட்டிகிட்ட கேட்டுச் சொல்லேன்" என்றபோதும் அவன்தான் தடுத்தான். "அவகிட்ட கேக்காதீங்க. அவ வேலைக்கு வம்பு வரும்" என்று சொன்னானாம். இது பச்சையம்மாவுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவனுடைய முறை கார்த்திகையில் வந்தது. கூட்டாளி சின்னதம்பியோடும் இன்னொருவனோடும் மத்தியானத்துக்கு முன்பே பாய் கட்டிக்கொண்டு போனான். தண்ணீர் கடலை நோக்கி வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. காற்றும் பின்னாலிருந்து தள்ளியது. சின்னதம்பி சொன்னபடி, சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கவில்லை. படகு நின்றது. அவ்வளவுதான். அத்தனை வேகத்தில் போன படகு நின்றதும் முன்னால் நின்றிருந்த வடிவேலு தூக்கி எறியப்பட்டான். அடிப்பலகை கிழிந்து தண்ணீர் ஏறியது. மற்ற இருவரும் பாயைப் பிடித்து மிதந்தார்கள். வடிவேலு, படகு மோதிய குழாய்க்குப் பக்கத்துக் குழாயின் மேல் விழுந்திருந்தான்.

செய்தியைக் கொண்டுவந்தது அலுவலகப் பியூன் அந்தோணிசாமி. பச்சையம்மா அப்போது பிரிண்ட் எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் வாசலில் நின்று சொன்னார். அவள் பிரிண்ட் பெட்டியை மூடினாள். மேஜைமேல் இருந்த மூலத் தாளைச் சுருட்டி பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். கைப்பிடியை இழுத்துப் பார்த்தாள். சாவியை வேதாசலத்தின் மேஜையில் வைத்தாள். பிறகு அந்தோணிசாமியின் சைக்கிளில் ஏறினாள்.

கரையில் கூட்டம் இருந்தது. அவனை வலையின் மேல் கிடத்தியிருந்தார்கள். முத்தம்மாள் மகனின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பச்சையம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் காதுக்குள் மணல் இருந்தது. அதைத் துடைத்தாள். அழுகை வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவளும் காத்திருந்தாள். வரவில்லை. எடுத்துக்கொண்டு போகும்போதும் வரவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த பெண்கள், பூட்டிவிட்டு வந்தாளாம், சாவியைக் கொடுத்துவிட்டு வந்தாளாம் என்று அவள் காதுபடவே பேசிக்கொண்டார்கள். அவள் அதைக் கேட்டாள். வேறு யாரையோ பற்றிய பேச்சு மாதிரி இருந்தது.

காரியம் முடிந்ததும் வேலைக்குத் திரும்பிவிட்டாள். வேதாசலம் அவள் முகத்தைப் பார்க்காமல், "இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டு வரலாமேம்மா" என்றார். "பழைய பிரிண்ட் நாலு வரணும் சார், கேட்டு வாங்கணும்" என்றாள். போய் உட்கார்ந்தாள். அமோனியா வாடையில் கண்ணில் தண்ணீர் வந்தது. அது எப்போதும் வருவதுதான்.

விசாரணைக்கு மெட்ராஸிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். வயதானவர், மரியாதையாகப் பேசினார். பதினேழாம் எண் பற்றி அவளைக் கேட்டார்.

"இதைப் பார்க்க யாருக்கெல்லாம் உத்தரவு இருந்துச்சு?"

மூன்று பேரையும் சொன்னாள்.

"வேற யாராவது பார்த்தாங்களா?"

"இல்ல சார்."

"வெளியாள் யாருக்காவது காட்டினீங்களா? குத்தகைக்காரங்க ஆள், ஊர்க்காரங்க?"

"இல்ல சார்."

"வீட்டுல?"

"இல்ல சார்."

"நல்லது" என்றார் அதிகாரி. எழுதிக்கொண்டார். அதன் பிறகுதான் அவருக்கு யாரோ முன்பு சொன்னது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார். வேண்டாம் என்றாள்.

வரைபடங்களின் பாதுகாப்பில் எந்தக் குறையும் இல்லை என்று அறிக்கை வந்தது. மிதவை கட்டாதது பற்றியும் இரண்டு வரி இருந்தது. கூடவே ஓர் உத்தரவும் வந்தது. பதினேழாம் எண்ணின் பிரிண்ட் ஒன்றைக் கோட்டைக்குப்பம் பஞ்சாயத்துக்குக் கொடுக்கலாம். பச்சையம்மாவே பிரிண்ட் எடுத்தாள். ஆதிகேசவன் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கினார். தாளை மேஜையில் விரித்து, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

"ஒண்ணும் பிரியலியே. எது கரை, எது தண்ணி?"

பச்சையம்மா எழுந்து வந்து குனிந்தாள். தாளின் நடுவைப் பார்த்தாள். இரண்டு வருஷமாகப் பார்க்காமல் விட்ட நடு. கொஞ்ச நேரத்தில் கோடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. இது தெற்குக் கரை. இது ஓட்டம். இது மண் திட்டு. எல்லாம் அவ்வளவு தெளிவாக இருந்தது. புள்ளிகள் ஓட்டத்துக்குக் குறுக்கே, பாடு வலை கட்டப் போகிற வழியிலேயே நின்றன.

"இதெல்லாம் குழாய், மாமா" என்று ஒவ்வொன்றின் மேலும் விரல் வைத்தாள். "இதுங்களுக்குத் தெக்கால போனா ஒண்ணுமில்ல."

ஆதிகேசவன் அவள் விரல் நின்ற இடத்தையே பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார். கேட்கவில்லை. தாளை மடிக்கத் தெரியாமல் மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு போனார்.

கேட்டது முத்தம்மாள். மகன் போய் மூன்று நான்கு மாதம் ஆகியிருக்கும். இருவரும் வீட்டுக்குப் பின்னால் இறால் உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"உனுக்குத் தெரியுமாடி?"

எதைக் கேட்கிறாள் என்று பச்சையம்மாவுக்குப் புரிந்தது.

"கையில இருந்துச்சு அத்தே. பாக்கல."

"படிக்கத் தெரியுமில்ல உனுக்கு?"

"தெரியும்."

"அப்பறம் ஏன் பாக்கல?"

"பாக்குறது என் வேலயில்ல."

இதைச் சொல்லிவிட்டு அவள் தன் குரலைக் கேட்டாள். சாதாரணமாக இருந்தது. பார்த்திருந்தால் சொல்லியிருப்பேனா என்று அவள் தன்னையே பலமுறை கேட்டுப் பார்த்திருந்தாள். சொல்லியிருப்பேன் என்று தோன்றும் நாளில் சாப்பிட முடியாது. சொல்லியிருக்க மாட்டேன் என்று தோன்றும் நாளிலும் முடியாது. இரண்டும் தோன்றாத நாட்கள்தான் அதிகம். அந்த நாட்களில் வேலைக்குப் போய் வந்தாள், துணி துவைத்தாள், சமைத்தாள்.

முத்தம்மாள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டினால் நன்றாக இருக்கும் என்று பச்சையம்மா நினைத்தாள். பங்குனியில், ஆரம்பாக்கத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருவதாகச் சொல்லிப் பெட்டி கட்டினாள் கிழவி. பஸ் ஏறும்போது, "வேளா வேளைக்குத் துன்னு" என்றாள். பிறகு திரும்பி வரவில்லை. வடிவேலுக்கு ஆண் வாரிசு இல்லை. ஊர்க் கூட்டத்தில், உரிமையுள்ள குடும்பங்களின் கணக்கான தலைக்கட்டிலிருந்து அவன் பேரை எடுத்துவிட்டார்கள். அவனுடைய பாடு முறை அடுத்தவனுக்குப் போனது. ஆதிகேசவன் வந்து சங்கடப்பட்டுச் சொன்னார். "முறைதானே மாமா" என்றாள் பச்சையம்மா.

படகுத்துறை வரவே இல்லை. எண்பத்து நான்கில் திட்டத்தை மூடி, வரைபடங்களையெல்லாம் பொன்னேரி அலுவலகத்துக்கு லாரியில் ஏற்றினார்கள். பீரோவோடு பச்சையம்மாவும் போனாள். அப்பாவின் வீட்டிலிருந்தே வேலைக்கு நடந்தாள். அங்கே ஏரியின் மேற்குக் கரை, வாய்க்கால், மதகு எல்லாவற்றின் தாள்களும் இருந்தன. புதிய அதிகாரி வேதாசலத்தைவிடக் கறாரானவர். வெளியாள் ஜன்னல் பக்கம்கூட வரக்கூடாது.

ஒருநாள் ஆரம்பாக்கம் பக்கத்துப் படகுக்காரர் ஒருவர் வந்து நின்றார். கௌஸ் மைதீன் என்று பேர் சொன்னார். புதிதாக ஒரு வாய்க்கால் வெட்டப் போகிறார்களாம், அது தங்கள் படகு நிறுத்தும் இடத்தை வெட்டிக்கொண்டு போகுமா என்று தெரிய வேண்டும். மனு கொடுத்து வருஷம் ஆகப்போகிறது. பியூன் அவரை விரட்டிக்கொண்டிருந்தான்.

பச்சையம்மா எழுந்தாள். பீரோவைத் திறந்தாள். தாளை எடுத்து வந்து மேஜையில் விரித்து, சுருளாமல் இருக்க மூலைகளில் மைக்கூடும் ஸ்டேப்ளரும் வைத்தாள். "வாங்க, பாருங்க" என்றாள். பியூன் வாய் பிளந்து நின்றான். அவளுக்குப் பயமாக இல்லை. துணிச்சலாகவும் இல்லை. கேட்டார், இருக்கிறது, காட்டுகிறோம் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

அவர் பக்கத்தில் நின்றுகொண்டு, இது ரோடு, இது ரயில் பாதை, இது உங்கள் கரை என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். வாய்க்கால் அவர்கள் இடத்துக்கு வெகு தூரத்தில் போனது.

"எங்க தொறையத் தொடவே இல்லியாம்மா?"

"தொடல."

"அட, இதுக்கா இவ்ளோ நாளு" என்று அவர் சிரித்தார். கும்பிட்டுவிட்டுப் போனார். அவருக்கு வந்த ஆபத்து எதுவும் இல்லை, எனவே அவரை யாரும் காப்பாற்றவும் இல்லை.

பியூன் சொல்லிவிட்டான். அதிகாரி கூப்பிட்டார்.

"ஏன் காட்டினீங்க?"

"கேட்டாரு சார்."

"கேட்டா காட்டிடுவீங்களா?"

"ஆமா சார்."

அவர் அதிர்ந்துபோய் அவளைப் பார்த்தார். இத்தனை வருஷமாக ஒரு தவறும் இல்லாதவள் என்று கோப்பில் இருந்தது. மனநிலை சரியில்லையோ என்று நினைத்தாரோ என்னவோ, குரலைத் தாழ்த்தி, "இனிமே நடக்காதுன்னு எழுதிக் குடுத்துடுங்க, இதோட விட்டுடுறேன்" என்றார்.

"மறுபடி யாராவது கேட்டா காட்டுவேன் சார். எழுதிக் குடுத்தா பொய்யாயிடும்."

மெமோ கொடுத்தார்கள். சாவியை வாங்கிக்கொண்டு, தபால் அனுப்பும் பிரிவுக்கு அவளை மாற்றினார்கள். புதிதாக வந்த ஜலாலுதீன் என்ற குமாஸ்தா பொறுப்பை ஏற்றான். எந்தச் சாவி எந்த பீரோவுக்கு, எந்தத் தாள் யாருக்கு என்று அவனுக்கு ஒரு நாள் முழுக்கச் சொல்லிக் கொடுத்தாள். அவன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, கடைசியில், "வேற எதாவது தெரிஞ்சுக்கணுமாக்கா?" என்று கேட்டான்.

அவள் யோசித்தாள். சொல்லலாம் என்று தோன்றியது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"இல்லப்பா. அவ்ளோதான்" என்றாள்.

தபால் பிரிவு தெருவைப் பார்த்த அறை. காற்று நன்றாக வந்தது. மத்தியானம் உறைகளில் பசை தடவிக்கொண்டிருந்தபோது, வடிவேலு நடுவீட்டில் உட்கார்ந்து சாப்பிடும்போது இடது காலை மடக்கி வலது காலை நீட்டிக்கொள்வான் என்பது எதற்காகவோ ஞாபகம் வந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. இந்த அறையில் அமோனியா இல்லை. தபால் கட்டு இன்னும் பாதி இருந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு அடுத்த உறையை எடுத்தாள்.